ஹைட்ரோ மிஷினும் மாமாவின் ரெண்டு விரலும்

ரொம்ப நாளாக இந்தக் கடையைத் திறக்கவே இல்லை. ஆணி அதிகம் என்பது சொல்லிக்கொள்கிற காரணம், சோம்பேறித்தனம் என்பது நிஜக் காரணம். இன்றைக்குத் திறந்ததும் கோபத்தில்தான். வழக்கமான மொக்கையை எதிர்பார்த்து வந்த மக்கள் மன்னிக்கவும்.

விஷயம் இதுதான். ஊர்க்காரங்க வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒரு செய்தி வந்தது. ஒரு பிளீச்சிங் பட்டறையில் ஹைட்ரோ மிஷினில் மாட்டி ஒரு பையனுக்கு முழங்கை வரைக்கும் போய்விட்டது. எந்த ஊர், எந்தப் பட்டறை என்றெல்லாம் எழுதப் போவதில்லை. எனக்குக் கடுப்பு, அதுக்குக் கீழே வந்து விழுந்த கருத்துகள் மேல். "ஓடுற மிஷினுக்குள்ள எவனாச்சும் கைய விடுவானா?" என்று ஒருத்தர். "போன் பாத்துக்கிட்டே வேலை பாத்திருப்பான்" என்று இன்னொருத்தர். "ஆபரேட்டர் அலட்சியம், வேறென்ன" என்று மூணாவது ஆள், அவர் இஞ்சினியர் வேறு. அதற்கு எட்டு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். கட்டைவிரல்! யோசித்துத்தான் போட்டார்களா தெரியவில்லை.

அங்கேயே சண்டை போட்டேன். நாலு வரிக்கு மேலே அங்கே யாரும் படிப்பதில்லை. அதனால்தான் இங்கே.

நமக்கு ஊர் கான்சாபுரம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்புப் பக்கம் போகணும். இன்னமும் பிடிபடவில்லை என்றால், 2025-ல் இன்ஸ்டாகிராமில் ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்களே கூமாபட்டி, அதுக்குப் பக்கம். எங்களை எவனும் வீடியோ எடுக்கவில்லை, அந்த வருத்தம் தனி :-) தென்னை, நெல், மாடு, பிளவக்கல் தண்ணி. அது போதாதவர்கள் தெற்கே ராஜபாளையத்துக்கு வண்டி ஏறுவார்கள். அங்கே மில். அதைத் தாண்டினால் சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணிக்குப் பேர் போன ஊர். உங்கள் காயத்தில் என்றைக்காவது சுற்றின வெள்ளைத் துணி அந்தப் பக்கத்துத் தறியில் நெய்ததாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

தறியிலிருந்து இறங்கும்போது அது வெள்ளையாக இருக்காது. பழுப்பாக, கஞ்சியும் பஞ்சின் மெழுகுமாக, தண்ணீரை ஒட்டவே விடாமல் இருக்கும். ரத்தத்தை உறிஞ்சணும் என்றால் காஸ்டிக்கில் வேகவைத்து, பிளீச் பண்ணி, அலசி எடுக்கணும். அலசின துணி ஈரத்தில் பிணம் மாதிரி கனக்கும். அதிலிருந்து தண்ணீரை விரட்டத்தான் ஹைட்ரோ. உள்ளே ஓட்டை போட்ட ஒரு ஸ்டீல் கூடை, வெளியே ஒரு தொட்டி, அடியில் மோட்டார். நனைந்த குடையைச் சுழற்றினால் தண்ணீர் தெறிக்கிறதே, அதே சமாச்சாரம்தான். சுத்தத் தமிழில் மையவிலக்கி.

நாலு அடி விட்டமுள்ள கூடை, நிமிஷத்துக்கு 900 சுற்று என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கூடையின் ஓரம் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிற துணி தன் எடையைப் போல 550 மடங்கு பாரத்தோடு சுவரில் அழுந்துகிறது. கூடையும் துணியும் சேர்ந்து ஓரத்தில் 300 கிலோ என்று எடுத்துக்கொண்டால், அதில் இருக்கிற சக்தி 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற ஒரு காருக்குச் சமம். ஒரு ஓட்டுக் கொட்டகைக்குள்ளே, ஒரு ஆள் இடுப்பு உயரத்தில்!

இனிமேல்தான் மேட்டர். இந்த மிஷினில் தண்ணீரைப் பிரிப்பது ஒரு வேலையே இல்லை. சுற்றினால் அது தானாக ஓட்டை வழியாக வெளியே போய்விடும், யாரும் கையால் தொட வேண்டாம். கஷ்டமெல்லாம் மிச்சம் நிற்கிறதே, அந்தத் திடப்பொருள், அதை வெளியே எடுப்பதில்தான். அது துணியாக இருந்தாலும் சரி, சர்க்கரையாக இருந்தாலும் சரி, சேறாக இருந்தாலும் சரி, சுவரோடு சுவராக அப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதை எப்படி வெளியேற்றுவது என்று மண்டையை உடைத்ததுதான் இந்த மிஷினோட பாதி வரலாறு.

1878-ல் ஸ்வீடன்காரர் குஸ்தாவ் டி லாவல் பாலிலிருந்து கிரீம் எடுக்கிற மிஷினைக் கொண்டுவந்தார். கிரீம் ஒரு குழாயில், கொழுப்பெடுத்த பால் இன்னொரு குழாயில், இரண்டுமே திரவம், சிக்கல் இல்லை. ஆனால் பாலில் இருக்கிற தூசி, மாட்டின் செத்த செல்கள், கிருமி எல்லாம் சேர்ந்து கிண்ணத்தின் ஓரத்தில் வழவழவென்று ஒரு படலமாகப் படியும். அதற்கு வெளியே போக வழி கிடையாது. மிஷினை நிறுத்தி, கிண்ணத்தைப் பிரித்துக் கழுவணும். பெரிய பால் பண்ணைகளில் இன்றைக்கு இருக்கிறது வேற லெவல். கிண்ணத்தின் அடித்தட்டைத் தண்ணீர் அழுத்தத்தால் மேலே தூக்கிப் பிடித்திருப்பார்கள். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை ஒரு நொடிக்கும் குறைவாக அதைக் கீழே விடுவார்கள். ஓரத்துத் துவாரங்கள் திறக்கும், கசடு சட்டென்று வெளியே அடிக்கும், மறுபடி மூடிக்கொள்ளும். வேகம் குறைவதே இல்லை. பக்கத்தில் நின்றால் தூக்கிவாரிப் போடும்.

(பால் என்றதும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா நினைவுக்கு வராமல் போகுமா? 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின வஸ்து. அதுவும் தண்ணீரைப் பிரிக்கிற வேலைதான், ஆனால் எதையும் கசடு என்று ஒதுக்குவதில்லை. என்ன, அடிப்பிடிக்காமல் சுரண்டிக்கொண்டே இருக்கணும். அங்கேயும் கைதான்.)

ஐடிஐ முடித்துவிட்டு அப்ரன்டிஸாக ஒரு சர்க்கரை ஆலையில் இருந்தேன். அங்கே பார்த்தது நம்ம ஹைட்ரோவோட பெரியண்ணன். பாகும் சர்க்கரைப் பரலும் கலந்த குழம்பை உள்ளே விடுவார்கள். மொலாசஸ் சல்லடை வழியாக வெளியேறும், சர்க்கரை சுவரில் ஒரு மதிலாக நிற்கும். அப்புறம் பிரேக் பிடித்து, மெதுவான ஒரு சுற்று வேகத்துக்குக் கொண்டுவந்ததும், மேலேயிருந்து கலப்பை மாதிரி ஒரு பிளேடு இறங்கும். பேரே ப்ளவ்தான். மதிலை மேலேயிருந்து கீழே வரைக்கும் உழுது தள்ளும், அடியில் இருக்கிற வாய் வழியாகச் சர்க்கரை பொதபொதவென்று விழும். ஒரு மனுஷன் கை அந்தப் பக்கம் போகவே வேண்டாம். முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இன்னும் இருக்கிறது. கூடைக்குள்ளேயே ஒரு தட்டு முன்னும் பின்னும் போய்வந்து திடப்பொருளை வெளியே தள்ளுகிற புஷர் உண்டு. கழிவுநீர்ச் சேறுக்கு டிகாண்டர். அதில் உருளைக்குள்ளே ஒரு திருகு இருக்கும். இரண்டுமே ஆயிரக்கணக்கான சுற்றில் ஓடும், ஆனால் திருகு மட்டும் நிமிஷத்துக்குச் சில சுற்றுகள் முன்னே அல்லது பின்னே போகும். அந்தச் சின்ன வித்தியாசம் சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் கொண்டுபோய் வெளியே கொட்டிவிடும். அழகு என்றால் அதுதான் அழகு. இதெல்லாம் ஏற்கெனவே யாரோ யோசித்துச் செய்து வைத்துவிட்ட வேலை, ராக்கெட் விடுகிற சமாச்சாரம் இல்லை.

நம்ம பட்டறைக்கு வாருங்கள். சர்க்கரையை உழுதுவிடலாம், சேற்றைத் திருகித் தள்ளலாம். நீளமான காஸ் துணியை என்ன செய்வது? பிளேடு இறக்கினால் கந்தல்தான் மிஞ்சும். அதனால் மேலே திறந்த கூடை, மேலேயே எடுப்பு. எடுக்கிறது யாரு? கை. விலைப்பட்டியலில் கூடை இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, பெல்ட் இருக்கிறது. திடப்பொருளை வெளியேற்றுகிற பாகம் மட்டும் இல்லை. அதை முதலாளி தினக்கூலிக்கு எடுத்துக்கொள்கிறார்.

அப்ப "ஓடுற மிஷினுக்குள்ள எவன் கைய விடுவான்" என்று கேட்ட அண்ணாச்சிக்கு என் பதில்: முழு வேகத்தில் ஓடுகிறபோது எவனும் விடமாட்டான். பைத்தியக்காரனும் விடமாட்டான். விபத்து நடக்கிறது கரண்டை அமர்த்தின பிறகு.

நல்ல பிரேக் இல்லாத மிஷின் சுற்றி ஓய அஞ்சாறு நிமிஷம் ஆகும். மூடியில் பூட்டு இருந்தால், முழுசாக நின்றபிறகுதான் திறக்கும். பூட்டு இல்லையென்றால், வேகம் குறைந்ததுமே திறந்து இழுக்க ஆரம்பிக்கலாம், மூணு நிமிஷம் மிச்சம். ஒரு ஷிப்டுக்கு இருபது லோடு என்றால் ஒரு மணி நேரம். கூலி லோடு கணக்கில். புரிகிறதா? அந்த மூணு நிமிஷத்தை யார் யாருக்கு விற்கிறார்கள் என்று பாருங்கள். பூட்டு ரிப்பேர் என்று ஒரு நாள் கழற்றுவார்கள், அதற்கப்புறம் யாரும் மாட்டுவதில்லை. மாட்டினால் லோடு குறையும். லோடு குறைந்தால் ஆபரேட்டரும் முனகுவான், சூப்பர்வைசரும் முனகுவான், லாரிக்காரனும் ஹார்ன் அடிப்பான்.

கடைசிச் சுற்றுகளில் கூடையைப் பார்த்தால் பயமே வராது. ரெண்டு செகண்டுக்கு ஒரு சுற்று, திருவிழா ராட்டினம் மாதிரி. ஓரத்து வேகம் மனுஷன் வேகமாக நடக்கிற வேகம்தான். ஆனால் நடப்பது 300 கிலோ. எங்க ஊரில் மாடு பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறபோது முதல் பாடம் என்ன தெரியுமா? கயிற்றைக் கையில் சுற்றாதே. மாடு சும்மா நடந்தாலே போதும், ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். ஈரத் துணியின் ஒரு முனையைப் பிடித்து இழுக்கிறவன் கையில் அது தானாகவே சுற்றிக்கொள்கிறது. பிடித்த கயிற்றையாவது விட்டுவிடலாம். சுற்றின ஈரத் துணி விடாது.

எங்க மாமா, அம்மாவோட தம்பி, மாட்டுக் கயிற்றைக் கையில் சுற்றாத ஆள். 1994-ல் ராஜபாளையம் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து ஏழாவது மாசம், வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போனது. அப்போது எனக்குப் பத்து வயசு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கை முழுக்க வெள்ளைத் துணி சுற்றி இருந்தார். அது அவர் வேலை பார்த்த மாதிரியான துணிதான் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது. என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை: "மாப்ள, நான் கைய விடலடா. துணிதாம்டா இழுத்துச்சு." யாரும் கேட்கவில்லை, அவரே சொன்னார். அதற்குள்ளே நாலு பேர் வந்து அலட்சியம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கணும்.

சட்டம் என்ன சொன்னது என்று பின்னாளில் நானே தேடிப் படித்தேன். 1948 தொழிற்சாலைகள் சட்டம் 21-ஆவது பிரிவு ஓடுகிற எந்திரப் பாகங்களுக்குத் தடுப்பு வேணும் என்றது. 30-ஆவது பிரிவு சுழலும் பாத்திரம், கூடை எல்லாவற்றையும் பேர் சொல்லி, பாதுகாப்பான வேகத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னது. ஆனால் மின்சாரம் உள்ள இடத்தில் பத்துப் பேர் வேலை பார்த்தால்தான் அது "தொழிற்சாலை". மாமா இருந்த இடத்தில் ரிஜிஸ்டரில் இருந்தது எட்டுப் பேர். நிஜத்தில் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். அந்தப் பத்தும் இப்போது போச்சு. 2020-ல் நிறைவேறி 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதுச் சட்டத் தொகுப்பில் தொழிற்சாலை என்றால் இருபது பேர். அதாவது, கையால் திடப்பொருளை எடுக்கிற மிஷின் எந்த மாதிரிப் பட்டறைகளில் ஓடுகிறதோ, அந்தப் பட்டறைகளில் பல தொழிற்சாலையே இல்லை என்று ஆக்க வழி செய்தாயிற்று.

இழப்பீட்டுக்கு 2025 நவம்பர் வரைக்கும் இருந்தது 1923-ஆம் வருஷத்துச் சட்டம். அதில் ஒரு அட்டவணை இருந்தது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் நஷ்டம், ஒரு கையில் ரெண்டு விரல் போனால் 20, மூணு போனால் 30, நாலு போனால் 50. கசாப்புக் கடை விலைப்பலகை மாதிரி. சரி, அதாவது கொடுத்தார்களா என்றால், அதே சட்டத்தில் இன்னொரு வாசகம். சாவோ நிரந்தர முழு முடக்கமோ இல்லாத காயம் என்றால், பாதுகாப்புச் சாதனத்தைத் தொழிலாளியே வேணுமென்று கழற்றினான் அல்லது மதிக்காமல் விட்டான் என்று காட்டிவிட்டால் முதலாளிக்குப் பொறுப்பு கிடையாது என்றது. "பூட்டைக் கழட்டினது நீதானே" என்று ஒரு வார்த்தை. மாமா சேர்வதற்கு முன்னாடியே பூட்டு இல்லை. எதை வைத்து நிரூபிக்கிறது? ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார்கள், மேலே கொஞ்சம் கையில் கொடுத்து வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இடது கையால் போட்டார்.

இப்போது புரியும், "அலட்சியம்" என்ற ஒரு வார்த்தை எனக்கு ஏன் உடம்பெல்லாம் எரிகிறது என்று. வாட்ஸப்பில் அது வெறும் கருத்து. அந்தப் பையனுக்கு அது கேஸ் தோற்கிற வார்த்தை. கட்டைவிரல் போட்ட எட்டுப் பேருக்கும் இது தெரியாது, தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இன்னொன்று. உங்கள் வீட்டில் செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் இருந்தால் அதோட ஸ்பின்னர் மூடியை ஓடும்போது திறந்து பாருங்கள். கரண்ட் அறுந்து, பிரேக் பிடித்து, சில செகண்டில் நின்றுவிடும். ரெண்டு சேலையும் ஒரு வேட்டியும் பிழிகிற அந்த பிளாஸ்டிக் டப்பாவுக்கு அந்த ஏற்பாடு இருக்கிறது. ஏனென்றால் வாங்குகிறவரே கையை விடப்போகிறவர். பட்டறையில் வாங்குகிறவர் ஒருத்தர், கையை விடுகிறவர் வேறொருத்தர்.

"சின்ன முதலாளி பாவம், ஜாப் வொர்க் ரேட்டில் என்ன கிடைக்கும்" என்று பின்னூட்டம் வரும், எனக்குத் தெரியும். ஒத்துக்கொள்கிறேன், அவங்களில் நிறையப் பேர் தறி ஓட்டி மேலே வந்தவர்கள்தான். புஷர் வாங்கு, டிகாண்டர் வாங்கு என்று நான் சொல்லவில்லை, துணிக்கு அது ஆகவும் ஆகாது. கூடை முழுசாக நின்றதை உணர்ந்து பூட்டைத் திறக்கிற ஒரு சுவிட்சும் பூட்டும் ஒரு நல்ல செல்போன் விலைக்குள் அடங்கும். பிரேக் போட்டால் அந்த மூணு நிமிஷமும் தானாகக் கிடைத்துவிடும், பூட்டைக் கழற்ற ஆசையே வராது. அதைவிட எளிது, லோடை முதலிலேயே ஒரு வலைப் பைக்குள் அடுக்கி இறக்குவது. நின்றதும் மேலே ஒரு செயின் பிளாக் போட்டுப் பையோடு தூக்கிவிடலாம். மருந்துக் கம்பெனிகளில் தூளைப் பையோடு தூக்குகிறார்கள், பஞ்சுக்குச் சாயம் போடுகிற இடங்களில் மொத்தக் கட்டியையும் ஹாய்ஸ்டில் தூக்கி ஹைட்ரோவில் இறக்குகிறார்கள். துணி முனையைப் பிடித்து இழுக்கிற வேலையே இல்லாமல் போகும். முதுகுவலியும் மிச்சம். இதிலும் கொக்கி அறும், பை கிழியும், தெரியும். கிழிந்த பையை மாற்றலாம்.

துணி மட்டுமா? கழிவுநீர்த் தொட்டிக்கு வருகிற லாரியைப் பாருங்கள். தண்ணியாக இருப்பதைக் குழாய் உறிஞ்சிக்கொள்ளும், அடியில் கெட்டியாக உட்கார்ந்திருப்பதற்கு ஒரு ஆளை இறக்குவார்கள். 2013-லேயே தடுத்துச் சட்டம் வந்தாயிற்று. சாக்கடையில் செத்தால் பத்து லட்சம் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம் 2023-ல் அதை முப்பது லட்சம் ஆக்கியது. இன்னமும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அங்கேயும் செத்தவனைத்தான் "மாஸ்க் போடாம இறங்கிட்டான்" என்பார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். மாமா தென்னந்தோப்பில் இருந்தார். மாடு ரெண்டு வைத்திருக்கிறார், கறக்கிறது அத்தை. ரெண்டு விரல் இல்லாமல் காம்பு பிடிபடாது. அந்தப் பையன் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசவில்லை. அப்புறம், "எந்தக் கை?" என்று மட்டும் கேட்டார்.

வலது கை என்றேன்.

டிஸ்கி: தெரிந்த ஒரு பட்டறைக்காரரிடம் செயின் பிளாக் யோசனையைச் சொன்னேன். "பாப்போம்ண்ணே" என்றார். பிறகு நேற்று ராத்திரி போன் பண்ணி, கொட்டகைக் கம்பி அந்தப் பாரம் தாங்குமா என்று கேட்டார். வருகிற சனிக்கிழமை அளவெடுக்கப் போகிறேன். வெல்டிங் தெரிந்த பதிவர்கள் யாராவது ராஜபாளையம் பக்கம் இருந்தால் ஒரு பின்னூட்டம் போடுங்கப்பா.